பிரதியிலும் அருமை உண்டு

அசலுக்கு விலையுண்டு; பிரதிக்கு என்ன விலை என்று கேட்பீர்கள். ஆயினும் அமெரிக்காவிற் பழைய சுழல்துப்பாக்கிகளின் பிரதிகளைத் தேடிச் சேர்ப்போர் பலர் உளர்.

அப்பிரதிகளிற் பலவற்றுக்கு மூலம் சாமுவேல் கோல்ற் செய்வித்த 1851ஆம் ஆண்டு ‘நேவி’ றிவோல்வர். உருளையின் முன்புறமாக மருந்தையும் ஈயக்குண்டையும் இட்டு, பின்புறத்திற் சிறு செப்புத் தொப்பியைப் பொருத்துவர். சுத்தியல் அத்தொப்பியில் மோதியதும் வெடிக்கும். குழாயின் வாய் அங்குலத்தின் நூற்றில் 36 பங்கு. உருளையைச் சுற்றி 1843இல் நடந்த தெக்சாசு, மெக்சிக்கோ கடற்போர் செதுக்கப்பட்டிருக்கும். ‘நேவி’ என்ற பெயருக்கு அதுவே காரணம்.

1950களின் இறுதியில் வால் போர்ஜெற் என்ற அமெரிக்கர், இத்தாலியின் கார்தோனே என்னும் ஊரில் இதன் பிரதிகளைச் செய்வித்தார். கிரெகொரெல்லி, உபேர்த்தி என்ற இருவரின் பெயரைச் சுருக்கி ‘ஜி யு’ எனப் பொறித்த அத்தொடக்க காலப் பிரதிகளே இன்று அருமையானவை.

ஆண்டறிவது எளிது. இத்தாலியில் ஒவ்வொரு துப்பாக்கியும் சோதனைச் சாலையில் வெடித்துப் பார்க்கப்பட்டு முத்திரை பெறும். நட்சத்திரத்தின் கீழ் ‘பி என்’ என்றிருந்தால் கரிமருந்துச் சோதனை. அருகிற் சிறு கட்டத்துள் உரோம இலக்கம் இருக்கும்: இருபது என்றால் 1964, முப்பது என்றால் 1974. 1975 முதல் ‘ஏ ஏ’, அடுத்த ஆண்டு ‘ஏ பி’ என எழுத்துகள் தொடர்ந்தன. மாணவரின் பயிற்சிக் கொப்பியிற்கூட இத்துணைத் தெளிவாகத் திகதியைக் கண்டதில்லை!

கண்ணைக் கவரும் வேறுபாடு அருமையானது என்று எண்ணுவது பெரும் பிழை. பித்தளைச் சட்டமுடைய ‘நேவி’ பொன்போல் ஒளிரும். கோல்ற் அசலின் சட்டமோ இரும்பு. பித்தளையிற் செய்தோர், போர்க்காலத்தில் இரும்பு அரிதாகிய தென்மாநிலத்தார். நூற்றில் 44 பங்கு வாயுடைய 1851 ‘நேவி’யைக் கோல்ற் விற்பனைக்குச் செய்ததேயில்லை. பிரதிகளில் இவ்விரண்டும் மலிந்து கிடக்கின்றன.

விசைக்காப்பையும் நோக்குக. அசல்களில் பின்புறம் சதுரமான காப்பு ஏறக்குறைய 4200ஆம் இலக்கத்துடன் நின்றது, பின்னர் வட்டமாயிற்று. எனவே சதுரக் காப்புடன் ஐந்திலக்க எண் தாங்கிவரும் துப்பாக்கியை அசலென்று விற்க வருபவரை ஐயுறுதல் தகும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1971இல் கோல்ற் நிறுவனமே இத்துப்பாக்கியை மீண்டும் வெளியிட்டபோது, இலக்கத்தை 4201இலிருந்து தொடங்கியது. ஆகவே ஒரே எண்ணும் ஒரே நிறுவனப் பெயரும் உடைய இரு துப்பாக்கிகள், நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியுடன் இருக்கக்கூடும். எண்ணை மட்டும் நம்பிப் பெருந்தொகை கொடுப்பவர் ஏமாறுவர்.

வஞ்சகர் இத்தாலிய முத்திரையை அரத்தால் அராவிவிட்டு, உலோகத்தைக் கறுக்கச் செய்வதுமுண்டு. அராவிய இடத்திற் குழாயின் தட்டையான முகம் சற்றே குழிந்திருக்கும். அதன்மேல் நேரான விளிம்புடைய அளவுகோலை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடையே ஒளிக்கீற்று தெரியும்.