பழைய ஐபாடுக்கு வயர் இல்லாத வழி

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் டாடா எல்க்ஸி போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுக் கார்களுக்கு மென்பொருள் எழுதுகின்றன. நிசான் தன் டிஜிட்டல் மையத்துக்கு 2018-இல் தேர்ந்தெடுத்ததும் திருவனந்தபுரத்தைத்தான். அதே ஊரில், வளைகுடாவிலிருந்து மாமாவோ அண்ணனோ கொண்டுவந்த ஐபாடை விட மனமில்லாதவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் பாட்டு இருக்கும். நெட் தேவையில்லை, விளம்பரம் வராது, போன் வந்து பல்லவியைப் பாதியில் அறுக்காது. ஆனால் 2014-இல் ஆப்பிள் நிறுத்திவிட்ட ஐபாட் கிளாசிக்கில் கடைசிவரை புளூடூத் வரவில்லை. அதைக் காரில் பாட வைப்பது எப்படி?

முதலில் ஒன்று. காரில் ஆக்ஸ் பின் சொருகும் ஓட்டை இருந்தால் ஒரு வயரை வாங்கி மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். அதைவிடச் சுத்தமான ஒலியை வயர்லெஸ் எதுவும் தந்துவிடாது. மற்றவர்களுக்குத்தான் மேற்கொண்டு யோசனை.

ஐபாட் வந்தது 2001-இல். இரண்டே வருடத்தில் கிரிஃபின் என்ற நிறுவனம் ‘ஐட்ரிப்’ என்ற குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை விற்க ஆரம்பித்தது. பாட்டை அது வானொலி அலையாக மாற்றி வீசும்; கார் ரேடியோவை அதே எண்ணுக்குத் திருப்பினால் போதும். ஆனால் அது வீசும் சக்தி மிகச் சொற்பம். பிரிட்டன் 2006-இல் இவ்வகைக் கருவிகளை அனுமதித்தபோது வைத்த உச்சவரம்பு 50 நானோவாட், அதாவது ஒரு வாட்டில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. நிஜ நிலையங்கள் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்புகின்றன. போதாததற்கு, கார் ஏரியல் பெரும்பாலும் கூரைமேல் இருக்கும். டாஷ்போர்டிலிருந்து கிளம்பும் அலை தகரக் கூண்டுக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகக் கசிந்துதான் அதை எட்ட வேண்டும்.

திருவனந்தபுரம் தம்பானூரில் கிளம்பி நாகர்கோவில் போகிறீர்கள் என்று வையுங்கள். ஆகாசவாணியின் அனந்தபுரி எஃப்.எம். 101.9-இல் இருக்கிறது, தனியார் நிலையங்கள் 92.7, 93.5, 94.3, 98.3 என்று வரிசையாக. இவற்றைத் தவிர்த்து 101.0-இல் வைக்கிறீர்கள். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வரை தொந்தரவில்லை. களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தை நெருங்க நெருங்க ஒரு கரகரப்பு எட்டிப் பார்க்கும். பிறகு பாட்டு அடியோடு காணாமல் போய், நாகர்கோவில் ஆகாசவாணியின் குமரி பண்பலை பேசத் தொடங்கிவிடும். அதன் எண்ணும் 101.0தான். பழைய மீடியம் வேவாக இருந்தால் இரண்டும் கலந்து கேட்கும். எஃப்.எம்.மின் குணம் வேறு: ஒரே எண்ணில் இரண்டு அலை வந்தால் வலுவானதை மட்டும் ரேடியோ பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். ஆகவே போகும் வழி முழுவதும் காலியாக இருக்கிற எண்ணாகப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் 0.4 மெகாஹெர்ட்ஸாவது இடைவெளி இருந்தால் நல்லது. ரேடியோ மட்டுமே உள்ள பழைய காருக்கு இன்றும் இதுதான் வழி.

புளூடூத் இந்தச் சண்டையிலிருந்து தப்பிக்கும் விதம் அழகானது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனம் 1994-இல் தொடங்கிய வேலை அது. பொறியாளர் யாப் ஹார்ட்சன். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தடம் விட்டுத் தடம் தாவுகிறது. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே வரிசையில் தாவுவதால் இணைப்பு அறுவதில்லை. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த கணம் வேறு தடம். இதே தாவல் யோசனைக்கு, டார்ப்பிடோ குண்டுகளை இயக்குவதற்காக, ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்கள். பியானோ கட்டைகளைப் போலவே 88 அலைவரிசைகள் என்பது அவர்கள் கணக்கு.

2008-இல் வந்த ஐபாட் டச்சில் புளூடூத் சில்லு உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் மென்பொருள் புதுப்பிப்புக்கு 9.95 டாலர் கட்டியவர்களுக்குத்தான் அது கண் விழித்தது. வாங்கிய பொருளுக்கே இன்னொரு தரம் காசு!

மற்ற பிளேயர்களுக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கி மாட்ட வேண்டும். கடையில் பலர் தடுமாறுவது இங்கேதான். காருக்கு என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் ரிசீவர். அது போனிலிருந்து பாட்டை வாங்கிப் பழைய காரின் ஆக்ஸில் கொடுப்பது. நமக்கு வேண்டியது நேர் எதிரானது: ஹெட்போன் ஓட்டையில் மாட்டி, புளூடூத் உள்ள கார் ஸ்டீரியோவுக்கு அனுப்புவது. அட்டைப் பெட்டியில் ‘டிரான்ஸ்மிட்டர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த சிக்கல் இணைப்பது. கார் ஸ்டீரியோ எதிர்பார்ப்பது போனை. திரையில் ஓர் எண்ணைக் காட்டி, அதைப் போனில் சரிபார்க்கச் சொல்லும். டிரான்ஸ்மிட்டருக்கோ திரையும் இல்லை, பொத்தானும் ஒன்றுதான். ஸ்டீரியோவே எண் கேட்டால் 0000 அல்லது 1234 பல சமயம் திறந்துவிடும். பேசும் வசதி இல்லாத கருவியைச் சேர்த்துக்கொள்ளவே மறுக்கும் ஸ்டீரியோக்களும் உண்டு. வாங்குமுன் காரைக் கடை வாசலில் நிறுத்தி இணைத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

பிளேயர், டிரான்ஸ்மிட்டர் இரண்டையும் ஒரே சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஒரு மெல்லிய ஊளை சில கார்களில் கேட்கும். காரின் மின்சாரத்தை உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல், இரண்டுக்கும் பொதுவான எர்த் வழியாகப் பாட்டில் ஏறிவிடுவதுதான் காரணம். ஒன்றை அதன் பேட்டரியிலேயே ஓட விட்டால் ஊளை நின்றுவிடும்.

ஸ்டீயரிங்கில் உள்ள ‘அடுத்த பாட்டு’ பொத்தான் மட்டும் வேலை செய்யாது. கட்டளை டிரான்ஸ்மிட்டர் வரை வந்துவிடும். ஆனால் ஹெட்போன் ஓட்டையில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் ஒலியை வாங்கிக்கொள்ளுமே தவிர, கட்டளையை ஐபாடுக்குள் அனுப்பாது. பொத்தானும் வேண்டும் என்றால் ஐபாடின் அடியில் உள்ள 30 பின் சாக்கெட்டில் மாட்டும் வகையைத் தேடுங்கள். அந்தப் பின்களில் கட்டளைக்கும் தனி வழி உண்டு. பாட்டை மாற்றித் தரும் மாடல்கள் அந்த வகையில் இருக்கின்றன.