அநாதை விடுதியில் வளர்ந்த தங்க வீரர்

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அருகில் வந்தான். "சார், குத்துச்சண்டை முரடர்கள் வேலைதானே? எங்க அப்பா அப்படித்தான் சொல்றார்" என்றான்.

"தம்பி, உனக்கு டிங்கோ சிங்கைத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மணிப்பூரில் இம்பாலுக்குக் கிழக்கே சேக்தா என்று ஒரு கிராமம். 1979ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி அங்கே டிங்கோ பிறந்தார். வீட்டில் வறுமை. பையன் அநாதை விடுதியில் வளர்ந்தான். இந்திய விளையாட்டு ஆணையம் ஊர் ஊராகத் திறமையுள்ள சிறுவர்களைத் தேடியது. டிங்கோ அவர்கள் கண்ணில் பட்டான். 10 வயதிலேயே தேசியப் போட்டியில் சிறுவர் பிரிவில் ஜெயித்தான்! பிறகு கடற்படையில் வேலை கிடைத்தது.

பட்டியலில் பெயர் இல்லை

1997இல் பாங்காக்கில் நடந்த கிங்ஸ் கோப்பையை டிங்கோ வென்றார். அடுத்த ஆண்டு அதே பாங்காக்கில் ஆசிய விளையாட்டு. ஆனால் இந்தியக் குழுவின் பட்டியலில் முதலில் அவர் பெயர் இல்லை. அந்த ஆத்திரத்தில் அவர் அளவு மீறிக் குடித்து மயங்கி விழுந்தார் என்று சொல்வார்கள். நல்ல காரியமல்ல, ஆனாலும் மறைப்பானேன்? கடைசி நேரத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அமெச்சூர் குத்துச்சண்டை என்றால் பணப் பந்தயம் அல்ல. அப்போதெல்லாம் தலையில் காப்புக் கவசம் இருந்தது, கையில் தடித்த உறை. அந்நாளில் ஒரு சண்டைக்கு 5 சுற்று. சுற்றுக்கு 2 நிமிஷம். சுற்றிலும் 5 நடுவர்கள் பொத்தானில் விரல் வைத்துக் காத்திருப்பார்கள். சரியான இடத்தில் குத்து விழுந்ததும் அமுக்க வேண்டும். மூவராவது ஒரே விநாடிக்குள் அமுக்கினால்தான் ஒரு புள்ளி. ஆகவே எதிரியை வீழ்த்துவதைவிடச் சுத்தமாகத் தொடுவதே முக்கியம். முரட்டுத்தனம் மட்டும் இருந்தால் இங்கே தோல்விதான், தம்பி!

டிங்கோ 51 கிலோ எடையில் ஆடி வந்தவர். பாங்காக்கில் 54 கிலோப் பிரிவில் இறங்கினார். அரையிறுதியில் எதிரி தாய்லாந்து வீரர். கூட்டம் முழுவதும் அந்த வீரர் பக்கம். டிங்கோ ஜெயித்தார். இறுதியில் உஸ்பெகிஸ்தானின் தைமூர் துல்யகோவ். நாலாவது சுற்று முடிந்ததும் துல்யகோவ் போதும் என்று விலகிக்கொண்டார்.

தங்கம்! 1982இல் டில்லியில் கவுர் சிங் வென்றதற்குப் பிறகு, ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு 16 ஆண்டுகளாகத் தங்கமே கிடைக்கவில்லை. டிங்கோவுக்கு அப்போது வயது 19.

அதே மணிப்பூரில் காங்காதெய் கிராமத்துப் பெண் ஒருத்தி இந்தச் செய்தி கேட்டு, தானும் கையுறை மாட்டத் துணிந்தாள். அவள்தான் மேரி கோம். உலகப் பட்டத்தை 6 முறை வென்று, 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கினார். நம் சென்னையின் தேவராஜனும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடியவர்தான். அவர் கதையை இன்னொரு நாள் எழுதலாம்.

ஆம்புலன்சில் 2,400 கிலோமீட்டர்

டிங்கோவுக்கு 1998இல் அர்ஜுனா விருது, 2013இல் பத்மஸ்ரீ. பின்னாளில் இம்பாலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது கல்லீரலில் புற்றுநோய் வந்தது. வைத்தியச் செலவுக்காக வீட்டையே விற்க நேர்ந்தது.

2020இல் ஊரடங்கு. சிகிச்சைக்காக விமானத்தில் அவரை டில்லிக்குக் கொண்டுபோனார்கள். காமாலை கண்டதால் கதிர்வீச்சு சிகிச்சை தர முடியவில்லை. ஆம்புலன்சில் 2,400 கிலோமீட்டர் சாலை வழியே ஊர் திரும்பினார். வந்ததும் கொரோனா. அதையும் வென்று எழுந்தார்.

புற்றுநோய் விடவில்லை. 2021 ஜூன் 10ஆம் தேதி டிங்கோ காலமானார். வயது 42.

பையன் தேநீர்க் கடைப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "சார், அந்த மேரி கோம் கதையையும் சொல்லுங்க" என்றான். என் பஸ் வந்துவிட்டது.