கோட்டில் பட்ட பந்து

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அருகிலுள்ள பொது மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிக்கல்பால் ஆடுகிறோம். இருப்பது ஒரே ஓர் ஆடுகளம். காத்திருப்பவர்களோ பதினைந்து, இருபது பேர். படிவம் மூன்று மாணவர்கள் முதல் பணி ஓய்வு பெற்ற அங்கிள்கள் வரை எல்லாரும் வருகிறார்கள்.

சில வாரங்களுக்கு முன்பு அங்கே நான் செய்த ஒரு தவறுதான் இதை எழுத வைக்கிறது.

ஆட்டம் 10-9. எங்கள் அணி முன்னிலை, சர்வீஸும் எங்களிடம். எதிரணியில் அறுபது வயதைக் கடந்த ஓர் அங்கிள். அவர் அடித்த பந்து எங்கள் பின்கோட்டின் விளிம்பில் பட்டுத் துள்ளியது. நான் தெளிவாகப் பார்த்தேன். ஆனாலும் "அவுட்!" என்று கை உயர்த்தினேன். 11-9. வென்றவர்கள் தொடர்ந்து ஆடலாம் என்பது எங்கள் மண்டபத்து வழக்கம். நாங்கள் களத்தில் நின்றோம். அங்கிள் வலை அருகே வந்து, தன் மட்டையால் என் மட்டையைத் தட்டி, "நல்லா ஆடினம்மா" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அடுத்த ஆட்டத்தில் எனக்கு ஒரு பந்துகூடச் சரியாக விழவில்லை.

பிக்கல்பால் 1965-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகருக்கு அருகிலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவதற்காக, ஒரு பழைய பூப்பந்து ஆடுகளத்தில் உருவான விளையாட்டு இது. இன்றும் இதன் ஆடுகளம் 20 அடி அகலம், 44 அடி நீளம். பூப்பந்து இரட்டையர் ஆட்டத்தின் அதே அளவு. வலைதான் வேறு. பூப்பந்து வலை நடுவில் 5 அடி உயரம். இதற்கு 34 அங்குலம் போதும். அதனால்தான் நம் ஊர்ப் பூப்பந்து மண்டபங்களுக்குள் இது இவ்வளவு எளிதாக நுழைந்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் நமக்கு நடுவர் கிடையாது. நம் பக்கம் விழும் பந்து உள்ளேயா, வெளியேயா என்று நாமே சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்தப் பந்து எதிரணிக்கே சாதகம் என்கிறது விதி. கோட்டில் பட்டால் உள்ளே. சர்வீஸ் பந்து, வலையை ஒட்டிய 7 அடி 'கிச்சன்' பகுதியின் கோட்டில் பட்டால் மட்டும் தவறு. நாம் தோற்பதற்கான தீர்ப்பையும் நம் வாயாலேயே சொல்லச் சொல்லும் விதி இது.

பெரிய போட்டிகளில் கோட்டு நடுவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிராளியை மதிப்பதை எந்த நடுவரும் கட்டாயப்படுத்த முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில், நம் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய், லின் டானை 15-21, 21-11, 22-20 என்று வென்றார். 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் தன்னைத் தோற்கடித்தவர் அவர். ஆட்டம் முடிந்ததும் இருவரும் தழுவிக்கொண்டு, சட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்காக நான் பொய் சொன்னேன்.

பகிர்ந்து ஆடும் இடத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. மட்டைகளை வரிசையாக வைத்துத்தான் முறை பார்க்கிறோம். நண்பனின் மட்டையை இடையில் செருகாதீர்கள். காத்திருப்போர் அதிகமானால், வென்றவர்களும் இறங்கி நான்கு புதியவர்களுக்கு இடம் கொடுப்பதே நியாயம். ஆட்டம் நடக்கும்போது ஆடுகளத்துக்குள் நடக்காதீர்கள். வெளியிலிருந்து பந்து உருண்டு வந்தால் "பந்து!" என்று கத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள், யாராவது அதன்மேல் கால் வைத்தால் கணுக்கால் போய்விடும். புதிதாக ஆடும் பிள்ளையின் மேல் முழு பலத்தோடு அடித்துப் பெறும் புள்ளியில் பெருமை இல்லை. நேரம் முடிந்ததும் வலையைக் கழற்றி, அடுத்து வரும் பூப்பந்துக் குழுவுக்கு இடத்தை ஒழுங்காக விடுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் பந்து மட்டையில் படும் 'டொக் டொக்' சத்தம் மாடி வீடுகள்வரை கேட்கும். அங்கே எஸ்பிஎம் தேர்வுக்குப் படிப்பவர் இருக்கலாம். இரவுப் பணி முடித்துத் தூங்குபவரும் இருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அந்த அங்கிளைத் தேடிப் போனேன். "அங்கிள், அன்னைக்கு அந்தப் பந்து உள்ளேதான் விழுந்துச்சு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கும் தெரியும்மா. ஆனா அது உன் பக்கத்துக் கோடு. நீதானே சொல்லணும்?"

பிறகு வரிசையில் என் மட்டைக்குப் பக்கத்தில் தன் மட்டையை வைத்து, "இன்னைக்கு நம்ம ரெண்டு பேரும் ஒரே அணி" என்றார். முதல் ஆட்டத்தில் 6-11 என்று தோற்றோம். எங்கள் பக்கம் கோட்டில் பட்ட இரண்டு பந்துகளை உள்ளே என்று சொன்னது நான்தான்.