அரிசோனா செல்லும் முன் வீட்டையும் வகுப்பையும் கம்ப்யூட்டரில் சரி பாருங்கள்

மகனோ மகளோ எம்.எஸ். படிக்க அமெரிக்கா செல்கிறார் என்பதற்காகவே வீட்டிற்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கிய குடும்பங்கள் பல உண்டு. விசா விண்ணப்பம் முடிந்தவுடன் அது சினிமா பார்க்கும் பெட்டியாகிவிடுகிறது. உண்மையில் அதற்கு முக்கியமான வேலை அட்மிஷன் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது.

நான் இங்கே பி.இ. முடித்து, அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் எம்.எஸ். படித்தவன். இப்போது சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராகப் பணிபுரிகிறேன். ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் அங்கு செல்லவிருக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் போன் செய்வார்கள். கேள்விகள் இரண்டே வகைதான். எங்கே தங்குவது? எந்த வகுப்பில் சேருவது? இரண்டிற்கும் விடையை வீட்டிலிருந்தபடியே தேடலாம்.

முதலில் கடிகாரம். அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதியில் கோடைக்காக நேரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. எனவே ஆண்டு முழுவதும் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஜூலை 15 இரவு 11:59 கடைசி நேரம் என்று இமெயில் வந்தால், நமக்கு அது ஜூலை 16 பகல் 12:29. விண்டோஸில் கூடுதல் கடிகாரம் அமைக்கும் வசதி உள்ளது. டாஸ்க் பாரில் நேரம் தெரியும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, தேதி, நேர செட்டிங்ஸ் சென்றால் கிடைக்கும். பட்டியலில் "அரிசோனா" என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கவும். அருகிலேயே இருக்கும் "மவுண்டன் டைம்" வேண்டாம். அது மார்ச் முதல் நவம்பர் வரை ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும். தேதியை அவர்கள் மாதம் முதலில் வருமாறு எழுதுவார்கள் என்பதையும் நினைவில் கொள்ளவும். 8/1 என்றால் ஆகஸ்ட் 1.

அடுத்து, இணையதள முகவரி. பல்கலைக்கழகத்தின் தளம் என்று சொல்லி வரும் லிங்க்கைத் திறந்தால், முதலில் பிரவுசரின் அட்ரஸ் பாரைப் பாருங்கள். இரட்டைச் சாய்கோட்டிற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அந்தப் பகுதி "ஏஎஸ்யு டாட் இடியு" என முடிய வேண்டும். முடிய வேண்டும் என்பதுதான் முக்கியம். நடுவில் ஏஎஸ்யு, இடியு எல்லாம் இருந்து கடைசியில் டாட் காம் என்று இருந்தால் அது வேறு யாருடைய தளமோ. அங்கே பாஸ்வேர்ட் தரக் கூடாது.

வகுப்பைத் தேடுவது எப்படி?

இந்தப் பல்கலைக்கழகத்தின் "கிளாஸ் சர்ச்" பக்கத்தைப் பார்க்க லாகின் தேவையில்லை. அப்பாவும் அம்மாவும்கூடத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு வகுப்பிற்கும் ஐந்து இலக்க எண், நாள், நேரம், ஆசிரியர் பெயர், மீதமுள்ள இடங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். பெரும்பாலோர் பாடத்தின் பெயரையும் காலி இடத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே வரிசையில் உள்ள "லொகேஷன்" பகுதிதான் பின்னால் தொல்லை தருவது.

பீனிக்ஸ் நகரைச் சுற்றி இதற்கு டெம்பி, டவுன்டவுன் பீனிக்ஸ், பாலிடெக்னிக், வெஸ்ட் வேலி என நான்கு வளாகங்கள் உள்ளன. டெம்பியில் வீடு எடுத்துவிட்டுப் பாலிடெக்னிக் வளாக வகுப்பில் சேர்ந்தால், 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வளாகங்களுக்கிடையே ஷட்டில் பஸ் உண்டு. ஆனால் காலை வகுப்பு அங்கே, மதிய வகுப்பு இங்கே என்றால் பாதி நாள் பஸ்ஸில் போய்விடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆன்லைன் வகுப்பு. எப்-1 விசாவில் செல்பவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேர மாணவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கே முதுநிலை மாணவருக்கு அது பொதுவாக 9 கிரெடிட், அதாவது மூன்று பாடங்கள். நேரில் செல்லாமல் முழுக்க இணையம் வழியே நடக்கும் வகுப்பு என்றால், அவற்றில் ஒன்றை மட்டுமே, அதிகபட்சம் 3 கிரெடிட் வரை, இந்தக் கணக்கில் சேர்க்க முடியும். இது பல்கலைக்கழகம் வைத்த விதி அல்ல. அமெரிக்க அரசின் விதி. லொகேஷன் பகுதியில் "ஐகோர்ஸ்" என்று இருந்தால் அது ஆன்லைன் வகுப்பு. காலி இடம் இருக்கிறதே என்று இரண்டு ஐகோர்ஸ் எடுத்தவருக்குத் திரையில் 9 கிரெடிட் என்றே தெரியும். விசா கணக்கில் 6 தான். வெயிட் லிஸ்ட்டில் நிற்கும் வகுப்பும் கணக்கில் வராது. சந்தேகம் இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்திற்கு இமெயில் அனுப்பிக் கேளுங்கள். சீனியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கிடைக்கும் பதிலை நம்பி விசா விஷயத்தில் முடிவு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிலருக்கு நல்ல வகுப்பு கண்ணில் பட்டும் பதிவு செய்ய முடியாது. மை ஏஎஸ்யு பக்கத்தில் "ஹோல்ட்" ஏதாவது இருக்கும். அம்மை தடுப்பூசிக்கான (எம்எம்ஆர்) சான்று தராதது ஒரு பொதுவான காரணம். சான்றை ஸ்கேன் செய்து ஜூன் மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது

முதுநிலை மாணவர்கள் பெரும்பாலும் வளாகத்திற்கு வெளியேதான் நான்கைந்து பேராகச் சேர்ந்து தங்குகிறார்கள். இங்கேதான் பணம் பறிபோகிறது.

எங்கள் தெருவில் உள்ள ஒரு பெண் ஒருநாள் இரவு பதற்றத்தோடு வந்தாள். "அண்ணா, இன்னிக்கே அட்வான்ஸ் 900 டாலர் அனுப்பலைன்னா வீடு வேற யாருக்கோ போயிடுமாம்" என்றாள். விளம்பரத்தில் நீச்சல் குளத்தோடு அழகான வீடு. வாடகை மட்டும் அக்கம்பக்கத்தில் உள்ளதில் பாதி. ஓனர் வேறு நாட்டில் இருப்பதாகவும், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். இப்படி எழுதியிருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அவளையே கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். குரோம் பிரவுசரில் போட்டோவின் மீது ரைட் கிளிக் செய்து கூகுள் லென்ஸில் தேடச் சொன்னேன். அதே ஹால், அதே சோபா, வேறொரு மாநிலத்தில் விற்பனைக்கு வந்த வீட்டின் விளம்பரத்தில் இருந்தன. அடுத்து மாரிக்கோப்பா கவுண்டி அசெஸர் தளம். டெம்பி இந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. வீட்டு முகவரியை டைப் செய்தால் அந்தச் சொத்து யார் பெயரில் உள்ளது என்று இலவசமாகவே காட்டும். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது போல என்று அவளுடைய அப்பாவிற்குச் சொன்னதும் புரிந்துகொண்டார். முகவரி உண்மையானதுதான். ஆனால் ஓனர் பெயர் வேறு. பணம் அனுப்பவில்லை.

இன்னொரு மாணவர் 1,100 டாலர் அனுப்பிய பிறகு என்னிடம் வந்தார். அவருடைய அப்பா நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. வங்கியில் புகார் செய்தும் திரும்பக் கிடைக்கவில்லை. ஒயர் டிரான்ஸ்பரில் சென்ற பணத்தை மீட்பது மிகவும் கடினம். கிப்ட் கார்டு எண்ணைக் கேட்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடலாம். அங்கே ஏற்கனவே இருக்கும் மாணவர் ஒருவர் நேரில் சென்று வீட்டைப் பார்த்து, வீடியோ காலில் காட்டிய பிறகு பணம் அனுப்புவதே நல்லது.

வீடு உண்மை என்று தெரிந்ததும் லீஸ் எனும் ஒப்பந்தம் பிடிஎப் பைலாக வரும். நாற்பது பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். கண்ட்ரோல் விசையுடன் எப் விசையை அழுத்தி, "ஜாயின்ட்லி" என்ற சொல்லைத் தேடுங்கள். நால்வரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று இருந்தால், டிசம்பரில் ஒருவர் கிளம்பிவிட்டாலும் அவர் பங்கையும் மற்ற மூவர் கட்ட வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனி லீஸ் தரும் இடங்களும் உண்டு. வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், முன்பின் தெரியாதவர்களோடு சேர்பவருக்கு அதையே சொல்வேன். "சப்லெட்", "டெர்மினேட்" என்ற சொற்களையும் தேடிப் படியுங்கள்.

அரிசோனா சட்டப்படி ஓனர் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். காலி செய்து, சாவி கொடுத்து, பணத்தைக் கேட்ட பின் 14 வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பதும் சட்டம். குடிபுகும் நாளிலேயே சுவர், கார்பெட், பாத்ரூம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு இமெயில் செய்துவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் தேதியோடு ஆதாரம் இருக்கும்.

தூரத்தை கூகுள் மேப்ஸில் பார்க்கும்போது கார் படத்திற்குப் பதில் பஸ் படத்தைக் கிளிக் செய்யுங்கள். டெம்பியில் ஆர்பிட் என்ற இலவசப் பஸ்கள் ஓடுகின்றன. தடங்களுக்கு மெர்க்குரி, ஜூபிடர், மார்ஸ் என்று கோள்களின் பெயர்கள். அபாச்சி பொலிவார்ட் சாலையில் லைட் ரயிலும் செல்கிறது. ஒரு கிலோமீட்டர்தானே, நடந்துவிடலாம் என்று ஆகஸ்ட் மாதத்தை நினைக்காமல் சொல்லாதீர்கள். 2023ல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் அன்றன்றைய உச்ச வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டிற்கு, அதாவது சுமார் 43 டிகிரி செல்சியஸிற்குக் குறையவில்லை.

எனவே லீஸில் "யுடிலிடீஸ்" என்று ஒருமுறை தேடிவிடுங்கள். மின்சாரம் வாடகையில் சேராது என்றால், கோடையில் ஏசி பில் தனியாக வரும். அதை நால்வராகப் பிரித்து மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டியிருக்கும். எந்த நிறுவனம், என்னென்ன ஆவணம் தேவை என்று லீஸிங் ஆபீஸில் கேட்டு, கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடலாம். இணைப்பு தொடங்கும் தேதியாகச் சாவி வாங்கும் நாளையே குறிப்பிடுங்கள். மறுநாள் என்று போட்டால் முதல் இரவு ஏசி ஓடாமல் போகலாம்.