கூடைப்பந்து நடுவர்: தொழில் ஆட்டமும் நம் ஆட்டமும்

சென்ற குளிர்காலத்தில் நம் மாணவர்கள் ஆடிய கூடைப்பந்து ஆட்டமொன்றில் விசில் ஊதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில், பந்து இல்லாத பக்கத்தில் ஒருவர் மற்றொருவரைத் தள்ளிவிட்டார். நான் பார்க்கவில்லை. அடுத்த கணமே பந்து கூடைக்குள் விழுந்தது. தோற்ற அணியினர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். "என்.பி.ஏ.யில் இப்படி விடுவார்களா?" என்று கேட்டார் ஒரு நண்பர். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பின்னர் விதிநூலைப் புரட்டி அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கூடைப்பந்து பிறந்ததே மாணவர்களுக்காகத்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆடுவதற்கென இதை வகுத்தார். அவர் எழுதிய விதிகள் 13. அவற்றிலேயே இரண்டு அதிகாரிகள் உண்டு. ஒருவர் ஆட்களைப் பார்ப்பார். மற்றவர் பந்தைப் பார்ப்பார். இரண்டையும் ஒருவரே பார்க்க முடியாது என்பது ஆட்டம் பிறந்த நாளிலேயே தெரிந்த உண்மை.

தொழில் ஆட்டம், அமெச்சூர் ஆட்டம் இரண்டையும் நம் நாடு கண்டிருக்கிறது. 1981-இல் ஆசிய ஆடவர் கூடைப்பந்துப் போட்டி இதே கல்கத்தாவில் நடந்தது, சீனா வென்றது. அதை நடத்திய விதிகள் ஃபிபா என்னும் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகள். அக்காலத்தில் அக்கூட்டமைப்பின் பெயரிலேயே 'அமெச்சூர்' என்ற சொல் இருந்தது. 20 நிமிடம் கொண்ட இரண்டு பகுதிகள். களத்தில் இரண்டு நடுவர்கள். பிறகு 2019 அக்டோபரில் மும்பையில் இந்தியானா பேசர்ஸ் அணியும் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியும் இருமுறை மோதின. இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை. 12 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். களத்தில் மூன்று நடுவர்கள்.

இன்று நாம் ஆடுவது ஃபிபா விதிப்படி. 10 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். ஐந்து பவுல் செய்தவர் வெளியேற வேண்டும், என்.பி.ஏ.யில் ஆறு. அங்கே தடுப்பவர் எவரையும் காவல் செய்யாமல் கூடைக்கு முன்னுள்ள கட்டத்தில் 3 வினாடிக்கு மேல் நின்றால் குற்றம்; இங்கே அது குற்றமன்று. வளையத்தில் பட்டு மேலே துள்ளும் பந்தை நாம் தட்டிவிடலாம், அங்கே கூடாது. ஆதலால் தொலைக்காட்சியில் மட்டும் ஆட்டம் பார்த்த நண்பர், சரியாகத் தீர்ப்பளித்த நடுவரையே குறை கூற நேரிடுகிறது.

"அங்கே மூன்று அடி நடந்தாலும் விடுகிறார்கள்" என்ற பேச்சும் உண்டு. ஓடிக்கொண்டே பந்தைக் கைக்கொள்ளும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதன் பிறகுதான் இரண்டு அடிகள் எண்ணப்படும். 2017 முதல் ஃபிபா விதியும் இதையே சொல்கிறது. சலுகை என்று நாம் நினைத்தது நம் நூலிலும் சட்டமே!

உண்மையான வேறுபாடு விதியில் இல்லை. கண்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. என்.பி.ஏ. 1988 முதல் மூன்று நடுவர்களை வைத்து ஆட்டங்களை நடத்திவருகிறது. ஒருவர் கூடைக்குக் கீழே எல்லைக்கோட்டருகில் நிற்பார். ஒருவர் பந்துக்குப் பின்னால் வருவார். மூன்றாமவர் எதிர்ப்பக்கம் நின்று, பந்து இல்லாத இடத்தைக் காவல் காப்பார். இருவரே இருந்தால் அந்த எதிர்ப்பக்கம் பெரும்பாலும் காவலற்றுக் கிடக்கும். அன்று நான் காணத் தவறிய தள்ளல் நடந்ததும் அங்கேதான்.

விசில் ஊதிய பிறகும் தொழில் நடுவருக்குத் துணை உண்டு. ஐயம் எழுந்தால் படக்காட்சியைத் திரும்பப் பார்க்கலாம். அதற்கென நியூஜெர்சியில் 2014 முதல் ஒரு தனி நிலையமே இயங்குகிறது. 2019-20 பருவம் முதல் பயிற்சியாளரும் தீர்ப்பை எதிர்த்து மறுபார்வை கேட்கலாம். நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளில் சரியெது, பிழையெது என்று சங்கமே மறுநாள் வெளியிடுகிறது. நடுவர்க்கு அதுவே முழுநேர வேலை, அதுவே சம்பளம். நம் நடுவரோ காலையில் வகுப்புக்குப் போய்விட்டு மாலையில் விசில் எடுப்பவர்.

ஆனால் சம்பளமும் படக்கருவியும் நேர்மையைத் தந்துவிடுமா? 2007-இல் டிம் டோனகி என்னும் என்.பி.ஏ. நடுவர் சூதாட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அமெச்சூர் ஆட்டம் என்பதாலேயே தூய்மை வந்துவிடுமா? 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைப் பாருங்கள். 3 வினாடி இருக்கையில் அமெரிக்கா 50-49 என முன்னணியில் இருந்தது. இடைநேரம் கேட்டும் தரவில்லை என்று சோவியத் தரப்பு முறையிட்டது. பார்வையாளர் பகுதியிலிருந்த ஃபிபா பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து, அந்த 3 வினாடிகளை மீண்டும் ஆடச் செய்தார். சோவியத் 51-50 என வென்றது. நடுவருள் ஒருவரான பிரேசில் நாட்டு ரிகெட்டோ ஆட்டத்தாளில் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றுக்கொள்ளவே இல்லை. நடுவரின் தீர்ப்பில் வெளியார் கை நுழைந்தால், வென்றவர்க்கும் அவ்வெற்றி முழுமையாவதில்லை.

நண்பர்களே, நம் விதிநூல் முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. பந்து நின்றிருக்கும் வேளையில் அணித்தலைவர் பணிவோடு விளக்கம் கேட்கலாம். முடிவை எதிர்ப்பதானால் அவர் கையொப்பமிட ஆட்டத்தாளில் ஓர் இடமே உண்டு. பத்துப் பேர் கூடிக் கத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று தள்ளியவருக்கு அது தெரியும், தள்ளப்பட்டவருக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. படக்கருவி இல்லாத களத்தில் உண்மை ஆட்டக்காரர் கையில்தான் இருக்கிறது. அதை அவர் சொன்னால் நடுவருக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

இவ்வாண்டும் குளிர்கால ஆட்டங்கள் வருகின்றன. விசில் எடுக்க நானும் இன்னொருவரும் இருக்கிறோம். எதிர்ப்பக்கம் நிற்க மூன்றாமவர் ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர் முன்வருக, விதிநூல் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.