ஜீப் வாகனமும் அதன் இழுவை, பிரேக்கு முறைகளும்

மழைக்காலத்தில் நன்செய்ப் பகுதிகளுக்குச் செல்லும் வண்டிப்பாதை எத்தகையது என்பதை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சாதாரண மோட்டார் கார் புதைந்து நிற்கும் இடத்தையும் நான்கு பேர் ஏறிய ஜீப் வாகனம் கடந்து போய்விடுகிறது. இதைக் கண்டவர்கள், இவ்வாகனம் எங்கும் செல்லும், எவ்விடத்திலும் நிறுத்தினால் நிற்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். முன் சொன்னது பெரும்பாலும் மெய். பின் சொன்னது மெய்யன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறியாதவருக்கு ஏரிக்கரையிலும் வாய்க்கால் சரிவிலும் உயிருக்கே அபாயம் நேரலாம்.

அமெரிக்க இராணுவத்துக்காக 1941-ஆம் ஆண்டு முதல் வில்லிஸ் கம்பெனியார் ஜீப்பைப் பெருவாரியாகச் செய்து கொடுத்தனர். யுத்தம் முடிந்த 1945-இல் விவசாய வேலைகளுக்கு ஏற்ற மாதிரி ஒன்றும் வெளிவந்தது. இந்தியாவில் பம்பாயைச் சேர்ந்த மகிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்றனர். பிறகு தாமே செய்யவும் தலைப்பட்டனர். யுத்தகால மாதிரியின் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. இஞ்சின் 60 குதிரைச் சக்தி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். பின்வந்த பல மாதிரிகளில் அளவுகள் வேறுபட்டாலும் அடிப்படை அமைப்பு இதுவே.

இழுவை

சாதாரண லாரியில் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளுகின்றன. ஜீப்பிலோ, கியர்ப்பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் மற்றொரு பெட்டி உண்டு. அதற்குரிய லீவரை மாற்றினால் இஞ்சினின் விசை முன் அச்சுக்கும் செல்லும். ஒற்றை மாடு இழுத்த பாரத்தை ஜோடி மாடு இழுப்பது போன்றது இது. மற்றொரு லீவர் தாழ்ந்த கியருக்கு உரியது. யுத்தகால மாதிரியில் இது சக்கரத்துக்குச் சேரும் விசையை ஏறக்குறைய 2 மடங்காக்கி, வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறது. முன் அச்சை இணைத்த பின்னரே இந்தக் கியரைப் போட இயலும்.

ஒவ்வோர் அச்சின் நடுவிலும் டிஃபரென்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி உள்ளது. வாகனம் திரும்புகையில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் இது அவசியம். ஆயினும் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் அது மட்டும் வீணே சுழலும். அதே அச்சின் மறுபுறச் சக்கரம் கெட்டித் தரையில் இருந்தும் அசையாது நிற்கும். முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் ஒன்றும் இவ்வாறு பிடிப்பிழந்தால், நான்கு சக்கரங்களுக்கும் விசை இணைந்திருந்தும் வாகனம் நகராது. அப்பொழுது ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிப்பது சக்கரத்தை இன்னும் ஆழப் புதைக்கவே செய்யும். உடனே நிறுத்தி, சக்கரத்தின் முன்னுள்ள மண்ணை வெட்டியெடுத்து, கல்லோ சுள்ளியோ பழைய சாக்கோ இட்டு, தாழ்ந்த கியரில் மெல்ல நகர்த்த வேண்டும். இக்காலத்து வாகனங்கள் சிலவற்றில் டிஃபரென்ஷியலைப் பூட்டும் சாதனம் உண்டு. அதை வழுக்கும் தரையில் மாத்திரமே உபயோகிக்க வேண்டும்.

சேறு கடந்து கெட்டியான ரோட்டை அடைந்தவுடன் முன் அச்சின் இணைப்பை நீக்கிவிட வேண்டும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. மண்ணில் டயர் சிறிது வழுக்கி இதற்கு இடங்கொடுக்கும். ரோட்டில் அவ்வாறு கொடுக்காது. ஆகவே ஸ்டீரிங் கடினமாகும், டயர்கள் தேயும், பல்சக்கரங்களும் பழுதுபடும்.

சரிவில் செலுத்துதல்

ஜீப் குட்டையான அச்சிடையும் உயர்ந்த உடலும் உள்ளது. ஆகவே கரைகளில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்காகச் செலுத்தினாலும் சரிவின் நடுவில் திருப்பினாலும் புரண்டுவிடக்கூடும். ஏறும்போது இஞ்சின் நின்றுவிட்டால், பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியரைப் போட்டு, வந்த வழியே நேராகப் பின்னோக்கி இறங்குவதே தக்கது. விதை மூட்டைகளையும் உர மூட்டைகளையும் ஆசனத்தின் மேல் அடுக்காமல் தரைமட்டத்தில் பரப்பி வைக்க வேண்டும். ஆட்கள் நின்றுகொண்டு பிரயாணம் செய்தல் ஆகாது.

பிரேக்கு

இங்கே முக்கியமாக அறிய வேண்டுவது, நான்கு சக்கர விசையினால் புறப்படும் சக்தி பெருகுமேயன்றி நிற்கும் சக்தி பெருகாது என்பதே. மோட்டார் காரிலும் கால்பிரேக்கு நான்கு சக்கரங்களையுமே பிடிக்கிறது, ஜீப்பிலும் அவ்வாறே. ஈரக் களிமண்ணில் டயருக்குள்ள பிடிப்பு எவ்வளவோ அவ்வளவே பிரேக்கும் பயன்படும். சக்கரம் சுழலாமல் வழுக்கத் தொடங்கினால், ஸ்டீரிங்கைத் திருப்பினும் வாகனம் திரும்பாது. பிரேக்கைச் சற்றுத் தளர்த்திச் சக்கரத்தை உருளவிட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கு புது வாகனங்களில் உண்டெனினும், இல்லாத பிடிப்பை அதுவும் உண்டாக்காது.

செங்குத்தான சரிவில் இறங்குமுன்னரே முன் அச்சை இணைத்து, தாழ்ந்த கியரையும் முதல் கியரையும் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பொழுது இஞ்சினே நான்கு சக்கரங்களையும் தாங்கிப் பிடிக்கும். கிளச்சை மிதிப்பதும் நியூட்ரலில் விடுவதும் அந்தப் பிடியை அறுத்துவிடுவதாகும்.

வாய்க்காலைக் கடந்தபின் பிரேக்கு டிரம்கள் நனைந்திருக்கும். நனைந்த பிரேக்கு சரிவரப் பிடியாது. மெல்ல ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாக மிதித்து உலரச் செய்த பிறகே வேகமெடுக்கலாம்.

வில்லிஸ் மாதிரியில் கைப்பிரேக்கு சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின் அச்சுக்கு விசை கொண்டு செல்லும் தண்டையே பிடிக்கிறது. ஆகையால் டயர் மாற்றுவதற்காகப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியினால் தூக்கும்போது, அச்சக்கரம் டிஃபரென்ஷியல் வழியாகச் சுழல இடமுண்டு. கைப்பிரேக்கு போட்டிருந்தும் வண்டி உருண்டுவிடும். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்த பின்னரே தூக்க வேண்டும்.

ஜீப் வைத்திருக்கும் விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் தங்கள் டிரைவரை மழைக்கு முன்னரே தாழ்ந்த சரிவொன்றில், ஆள் ஏற்றாமல், இம்முறைகளில் பழக்குவது நலம். வண்டி ஒரு கரையின்மேல் ஏறிவிட்டது என்பதனாலேயே அதிலிருந்து பத்திரமாக இறங்கும் என்று கருதலாகாது; இறங்கும் வழியை முதலில் கண்டு, பிறகு ஏற வேண்டும்.