ரெட்டிபாளையத்துச் சூளையும் உஷ்ண சாஸ்திரமும்

அரியலூர்ச் சீமையில், பல கோடி வருஷங்களுக்கு முன்னால் கடல் அலைபாய்ந்த இடத்தில், அக்கடலின் ஜந்துக்கள் விட்டுச்சென்ற ஓடுகளும் எலும்புகளும் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல்லாகக் கிடக்கின்றன. அந்தக் கல்லை நம்பியே ரெட்டிபாளையத்து அல்ட்ராடெக் ஆலை முதலிய சிமென்ட் ஆலைகள் அங்கே எழுந்தன. உஷ்ணம் வேறு, உஷ்ணநிலை வேறு என்னும் பாடத்தை விளங்கிக்கொள்ள அந்தக் கல் வேகும் சூளையைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

பூஜையறையில் புகையும் ஊதுபத்தியின் நுனி பல நூறு டிகிரி உஷ்ணநிலையில் இருக்கிறது. அடுக்களையில் அண்டா நிறைய இருக்கும் வெந்நீரோ நூறு டிகிரியைத் தாண்டாது. ஆயினும் குளிருக்கு ஒடுங்கிய வீட்டைக் கதகதப்பாக்க வல்லது அண்டாதானே அன்றி ஊதுபத்தி அன்று. அணுக்கள் எத்தனை வேகமாகத் துடிக்கின்றன என்பதைச் சொல்வது உஷ்ணநிலை. சூடான வஸ்துவிலிருந்து குளிர்ந்த வஸ்துவுக்குப் பாயும் சக்தியே உஷ்ணம்.

இனிச் சூளைக்கு வருவோம். அரைத்த கல்மாவை உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து கொட்டுகிறார்கள். கீழிருந்து சீறி எழும் சூடான வாயு அதன் ஒவ்வொரு துகளையும் தழுவிக்கொள்ள, ஒரு நிமிஷத்துக்குள் மாவு எண்ணூறு டிகிரிக்கு மேல் ஏறிவிடுகிறது. ஓடும் வாயு உஷ்ணத்தைச் சுமந்துவந்து கொடுக்கும் இம்முறைக்கு வெப்பச்சலனம் என்று பெயர்.

சுமார் 900 டிகிரியை நெருங்கியதும் விசித்திரம் ஒன்று நிகழ்கிறது. எவ்வளவுதான் உஷ்ணத்தை ஊட்டினாலும் மாவின் உஷ்ணநிலை முன்போல விரைந்து ஏறுவதில்லை. ஊட்டியதெல்லாம் கல்லைப் பிளந்து அதிலிருந்து கரியமில வாயுவை விரட்டுவதற்கே செலவாகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 1 கிலோவைப் பிளக்க ஏறத்தாழ 425 கிலோ கலோரி வேண்டும். அந்த உஷ்ணத்தைக் கொண்டு ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பிளந்த கல்லிலிருந்து வெளியேறும் வாயுவின் எடை 440 கிராம்.

ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் 1750களில் சுண்ணாம்பு முதலியவற்றைச் சுட்டு ஆராய்ந்து இந்த வாயுவைத் தெளிவாக அடையாளம் கண்டவர். பனிக்கட்டி உருகும்போது உஷ்ணத்தை விழுங்கியும் உஷ்ணநிலை ஏறாதிருப்பதைச் சில ஆண்டுகளில் கண்டு அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயரிட்டவரும் அவரே. கல்லும் பனிக்கட்டியும் ஒரே மனிதரின் கைக்கு வந்து சேர்ந்தது தற்செயலோ என்னவோ!

வாயு நீங்கிய மாவு, சற்றே சாய்ந்து மெல்லச் சுழலும் இரும்பு உருளைக்குள் புகுந்து, 1,450 டிகிரியில் பாதி உருகிக் கருநிறக் கட்டிகளாகத் திரள்கிறது. அதற்குக் கிளிங்கர் என்று பெயர். சுவாலையின் உஷ்ணநிலை 2,000 டிகிரியை ஒட்டியிருப்பதால் இங்கே கதிர்வீச்சே பிரதானம். கெல்வின் அளவையில் உஷ்ணநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு பதினாறு மடங்காகும் என்று ஸ்டெஃபான் 1879-இல் காட்டினார். இத்தகைய அக்கினிக்கு நடுவே இரும்பு உருகி ஒழுகாமல் இருக்கக் காரணம், உட்புறத்தில் ஏறத்தாழ ஒரு சாண் கனத்துக்கு அடுக்கிய தீச்செங்கல்தான். அது உஷ்ணத்தை மந்தமாகவே கடத்துகிறது. ஆனாலும் வெளியே வந்துசேரும் சூடு சுமார் 300 டிகிரி. ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தால் அவ்விடத்து இரும்பு சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்.

கொடுத்த உஷ்ணம் முழுவதும் தொலைந்துபோவதில்லை. கிளிங்கரைக் குளிரவைக்க ஊதிய காற்று சூடேறித் திரும்பவும் சூளைக்கே போகிறது. இன்னும் ஒரு பங்கு கிளிங்கரின் ரசாயனக் கட்டுமானத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது; கிளிங்கரை அரைத்துச் செய்த சிமென்டில் தண்ணீர் சேர்ந்ததும் அது வெளிப்படும். அமெரிக்காவில் 1930களில் ஹூவர் அணையைக் கட்டியபோது, இந்த உஷ்ணம் உள்ளேயே தேங்கிக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்துவிடுமென்று அஞ்சி, அணைக்குள்ளேயே குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். நம்மூரில் மெத்தைவீட்டுக்குத் தளம் போட்ட மறுநாள் காலையில், ஈரம் வற்றாமலிருக்கப் பாத்தி கட்டித் தண்ணீர் விடும் கொத்தனார் குனிந்து கைவைத்துப் பார்த்தால், வெயில் ஏறுமுன்னரே அந்தத் தளத்தில் ஓர் இளஞ்சூடு தட்டுப்படும்.